சாவியோடு ஒரு செலவுத் துண்டு

வீட்டுப் புரோக்கர் காட்டுகிற வீட்டில் கூரை இருக்கும், கதவு இருக்கும், சில நேரம் ஜன்னல்கூட இருக்கும். அந்த வீட்டில் ஒரு மாதம் இருந்து சாப்பிட என்ன செலவாகும் என்பதை மட்டும் அவன் வாய் தவறியும் சொல்லமாட்டான். இலங்கை மலையகத்தில், பதுளை டவுனில் பதினைந்து வருடம் அந்தத் தொழிலைச் செய்தவன் நான். வாடகை வீட்டில் இருந்து நொந்தவர்களே, இனிமேல்தான் நோகப்போகிறவர்களே, நான் மட்டும் அதைச் சொல்லித் தொலைத்தேன். அதனால் என் பிழைப்பு என்ன ஆனது என்று நீங்களே பாருங்கள்.

முதல் துண்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணம் முடிந்த கையோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தோம். எனக்கு ஓர் இரும்புக் கடையில் வேலை. சம்பளத்தில் கால்வாசிதான் வாடகை. மிச்சம் முக்கால்வாசியை என்ன செய்வது என்று முதல் வாரம் நானும் என் மனைவி சரோஜாவும் ரொம்பக் கவலைப்பட்டோம். சினிமா பார்க்கலாமா, கைக்கடிகாரம் வாங்கலாமா என்றெல்லாம் பேச்சு.

இரண்டாவது வாரத்தில் அந்தக் கவலை தானாகவே தீர்ந்தது. தோட்டத்தில் விறகைப் பொறுக்கிக்கொள்வோம். இங்கே கட்டுக் கணக்கில் காசு. அங்கே கறிவேப்பிலை பக்கத்து வீட்டு மரத்தில் இருக்கும். இங்கே ஓர் இணுக்குக்குக் காசு. விறகு கட்டுப்படியாகாது என்று மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறினோம். அடுப்பில் சாம்பல் இல்லாததால் பாத்திரம் துலக்க சோப்பு வாங்க வேண்டி வந்தது. பதினெட்டாம் தேதி சரோஜா என் பர்ஸைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். பிறகு நான் கடை வேலையை விட்டு வீடு பிடித்துக் கொடுக்கிற தொழிலுக்கு வந்தபோது, சாவி கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் மாதச் செலவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டளை போட்டவளும் அவள்தான். அந்தப் பதினெட்டாம் தேதி அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "வீட்டுக்கு வாடகை கொடுத்தாச்சு சரி, அந்த வீட்டுல நாம இருக்கிறதுக்கு யாரு கொடுக்கிறது?"

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வீடு

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த சமயம் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ராக்கம்மா வந்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கணவர் இல்லை. ஒரே மகள் வசந்தி. அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து, பதுளையில் உயர்தர வகுப்புப் படிக்க இடம் கிடைத்திருந்தது. மடுல்சீமை ரோட்டில் தினமும் போய்வருவது நடக்காத காரியம். அதனால் ராக்கம்மா தோட்டத்து வேலையை விட்டுப் பேரை வெட்டிக்கொண்டு, முப்பது வருடச் சர்விஸ் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பேரை வெட்டினால் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்துக் காம்பராவையும் விட்டுவிட வேண்டும். திரும்பிப் போக இடம் கிடையாது. மகள் பரீட்சை எழுதும்வரை இரண்டு வருடம் அந்தக் காசு தாங்க வேண்டும். தாங்காவிட்டால் வசந்தி கொழும்பில் யார் வீட்டிலாவது வேலைக்குப் போக வேண்டியதுதான்.

துண்டை எழுதினேன். வாடகை, லைட், தண்ணீர், அரிசி, காய்கறி, தேங்காய், விறகு, தேயிலை, கொப்பி புத்தகம், கடைசியில் என் தரகுக் காசு. கூட்டிப் பார்த்தால் பதினாலு மாதத்தில் கை காலி. தரகை இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றேன். டவுன் செலவு தாங்காமல் ஆறு மாதத்தில் அவர் கிளம்பிவிடுவார், தரகு கேட்கும் வேலையே வராது என்பதே என் உள்மனக் கணக்கு, ஒளிப்பானேன். அவர் கேட்டது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வீடு. நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் தடுத்தேன். மடுல்சீமையில் ஒருவருக்குத் தலைவலி என்றாலும் பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள், வந்தவர்கள் எல்லாம் உங்கள் வீட்டில்தான் சோறு தின்பார்கள், பதினாலு மாதம் ஏழு மாதமாகிவிடும், அதே வாடகைக்கு டவுனின் மறுகோடியில் வீடு இருக்கிறது என்றேன். ராக்கம்மா துண்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "அங்கிட்டு எங்களுக்கு யாருண்ணே இருக்கா? இங்கன்னா ஆஸ்பத்திரி இருக்கு."

சம்பளம் கூடிய மாரிமுத்து

மாரிமுத்து தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். டவுனில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்தான். துண்டைக் கொடுத்தேன், பவ்யமாக வாங்கிக்கொண்டான். மூன்றாம் மாதம் ஓடி வந்து, வீட்டில் கரண்டை வெட்டிவிட்டார்கள், நீங்கள் பிடித்துக் கொடுத்த வீடு சரியில்லை என்று சத்தம் போட்டான்.

போய்ப் பார்த்தேன். மூன்று மாதத்து லைட் பில்லும் தண்ணீர் பில்லும் முருகன் படத்துக்குப் பின்னால் மரியாதையாகச் செருகி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கும் காசு கட்டவில்லை. அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? தோட்டத்தில் எல்லாமே பிடிப்புதான். அரிசி, மாவு, கோயில் காசு, சங்கத்துச் சந்தா என்று எல்லாவற்றையும் சம்பளத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். தொழிலாளி தானாகப் போய் எதையும் கட்டிய வழக்கமே இல்லை. இந்த பில்களையும் பேக்கரி முதலாளி கழித்துக்கொள்வார் என்று அவன் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கிறான். "இங்கே யாரும் கழிக்கமாட்டார்கள் தம்பி, நீயேதான் போய்க் கட்ட வேண்டும்" என்று விளக்கியதும் அவன் முகம் சுருங்கிப் போயிற்று: "அத முன்னாடியே சொல்லக்கூடாதாண்ணே? நான் சம்பளந்தான் கூடிப்போச்சுன்னுல்ல நெனச்சேன்!"

கிணறு உள்ள வீடு

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வந்த கனகசபை ஐயா கணக்கில் புலி. என் துண்டை வாங்கி மூன்று இடத்தில் திருத்திக் கொடுத்த ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு ஐந்து வீடு காட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் நேரே பின்பக்கம் போவார், சுற்றிப் பார்ப்பார், திரும்பிவிடுவார். ஐந்தாவது வீட்டில் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த மீட்டரைக் காட்டி, "உது என்ன?" என்றார். தண்ணீரை அளக்கிற மீட்டர் என்றேன். யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்டவர்போல அப்படியே நின்றார்.

அவர் தேடியது கிணறு. கடைசியில் ஹாலிஎலையில் கிணற்றோடு ஒரு வீடு அகப்பட்டது. ஐயா கச்சேரிக்கும் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் தினம் பதுளைக்கு வந்து போக வேண்டும். மூன்று பேருடைய பஸ் காசில் நாலு வீட்டுத் தண்ணீர் பில்லைக் கட்டலாம் என்று துண்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக் காட்டினேன். அதை அவரும் ஒருமுறை கூட்டிப் பார்த்து, சரி என்று தலையாட்டி, வீட்டையும் எடுத்துக்கொண்டார். ஒரு மழை நாளில் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். நெற்றி நிறையத் திருநீறு, முகத்தில் அப்படி ஒரு களை. செலவு எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். "செலவு கூடத்தான். ஆனா தம்பி, காசு குடுத்து அளந்து வாங்கின தண்ணியிலை குளிச்சால் குளிச்ச மாதிரி இராது."

பண்டாரவளைக்காரர்

இது சின்னச் சங்கதி. பண்டாரவளையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். அவருக்குப் போட்ட துண்டில் நான் ஃபேன் எழுதவில்லை. தோட்டத்துப் புத்தியில் அது எனக்குத் தோன்றவே இல்லை. வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டே வளர்ந்த மனிதர், பதுளை வெக்கையில் ஒரே வாரத்தில் வதங்கிப்போய் ஃபேன் வாங்கினார். லைட் பில் வந்த அன்றைக்கு என்னை ரோட்டில் மறித்துக்கொண்டார்: "எங்க ஊர்ல குளிர சும்மாவே கொடுத்தாங்க. உங்க ஊர்ல காத்துக்குக் காசு கேக்குறாங்க!"

திறந்தே கிடந்த குழாய்

ராக்கம்மா குடிவந்த ஆறாம் மாதம் அந்தப் பக்கம் போனேன். காலி வீட்டைப் பார்க்கப் போவதாகத்தான் நினைப்பு. வாசலில் பதினொரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே பிரசவத்துக்கு வந்த பெண்ணின் புருஷன், கால் முறிந்தவனின் அண்ணன், அண்ணனோடு துணைக்கு வந்த இன்னொருவர் என்று ஒரு லயமே உட்கார்ந்திருந்தது. நான் சொன்னபடியே நடந்திருக்கிறது. பாவம், முழுகிவிட்டார் என்று நினைத்தேன்.

பத்தாம் மாதம் வீட்டுக்காரி, எல்லோரும் நோனா என்று மரியாதையாகக் கூப்பிடும் அம்மா, ஆள் அனுப்பினார். ஓய்வு பெற்ற ஆசிரியை, சிங்களக்காரர், நேர்மையானவர். தண்ணீர் பில்லை என் முகத்துக்கு நேரே பிடித்தார். சாதாரணமாக வருவதைப்போல ஐந்து மடங்கு. மாத முடிவில் வீட்டை விட வேண்டும் என்றார். வசந்திக்குப் பரீட்சை வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. ராக்கம்மா வீட்டுக்குப் போய், அவரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் பின்பக்கம் போனோம். குழாய் 'ஓ'வென்று கொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு மனுஷர் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் இரவு பகலாக ஓடும். அதற்குத் திறப்பும் இல்லை, மூடலும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் கைகால் கழுவிவிட்டுப் பீலியை விட்டுப் போவதுபோல அப்படியே போயிருக்கிறார்கள்.

ராக்கம்மா உள்ளே போய்க் குறடு எடுத்து வந்தார். குழாயை மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று முதல் யாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். அவரே வந்து திறப்பார், எதிரிலேயே நிற்பார், அவரே மூடுவார். நோனா ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கிறேன் என்றார். அடுத்த பில்லோடு என் வீட்டுக்கே வந்தார். அவர் சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நீ எனக்குக் குடித்தனக்காரியைக் கொண்டுவரவில்லை, ஒரு கங்காணியைக் கொண்டுவந்திருக்கிறாய். அவள் இருக்கட்டும்!"

வெட்டாமல் கிடந்த வரி

குடிவந்து மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே வசந்தி, புதுச் சேலையில். பரீட்சையில் தேறி, ஹாலிஎலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்துவிட்டது, அதே வீட்டிலிருந்தே போய்வரப் போகிறாள். சரோஜா அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

ராக்கம்மா ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த துண்டை எடுத்தார். மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்த அதே துண்டு, மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வரியும் பேனாவால் வெட்டியிருந்தது. கடைசி வரி மட்டும் வெட்டவில்லை: தரகுக் காசு. அதை எண்ணி மேசையில் வைத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பதினாலு மாதக் காசு எப்படி மூன்று வருடம் தாங்கியது என்று கேட்டேன். வசந்தி துண்டைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல். மேல் லயத்திலிருந்து பஸ் கூரையில் வந்த விறகுக் கட்டு. கால் முறிந்தவன் வீட்டிலிருந்து பலாக்காயும் போஞ்சிக்காயும். பிரசவத்துக்கு வந்த பெண்ணின் மாமியார் கொண்டுவந்த நாலு கொத்து அரிசி. மாதா மாதம் யாராவது தருகிற தேயிலைத் தூள். தோட்டத்துச் சனம் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகாது. தோட்டத்திலேயே பிறந்த எனக்கு அது தெரியும். டவுன் கணக்குப் போட்டுப் போட்டு மறந்துபோயிருந்தேன். விறகு, காய்கறி, தேயிலை என்று நான் காசு போட்ட வரிகள் எல்லாம் அவருக்குக் காசில்லாமலே கழிந்திருக்கின்றன. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தத் துண்டின் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராக்கம்மாதான் சமாதானமாகச் சொன்னார்: "நீங்க எழுதினது எல்லாம் சரிதாண்ணே. போற காச எழுதிப்புட்டு, வர்ற சனத்த எழுதாம விட்டுட்டீங்க, அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு நான் கொடுத்த துண்டுகளின் கடைசியில், "உங்கள் வீட்டுக்கு யார் யார் வருவார்கள்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தேன், யாரும் வரமாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னவர்களிடம் மட்டும் தரகுக் காசை முன்கூட்டியே வாங்கிவிட்டேன்.