மாதாவின் முக்காடு விழாத வருஷம்

சலூன் நிக்கோதேமோவைப் பற்றி இப்போது எழுதலாம். அவனும் போய்விட்டான். யாருக்காக அவன் வாயை மூடிக்கொண்டிருந்தானோ அந்த சவேரியோவும் போன பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தான். முழு விஷயமும் தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். எழுபத்தொரு வயதாகிறது எனக்கு. செராவல்லோ சதுக்கத்தைப் பார்த்த வீட்டில், மேல்மாடி அறைகளைத் திருவிழா பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள்.

கலாப்ரியாவில் எங்கள் பக்கத்து மலை ஊர்கள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. உயிர்ப்பு ஞாயிறு நண்பகலில் ஒரு தெருவிலிருந்து கறுப்பு முக்காடு போட்ட வியாகுல மாதாவின் சப்பரம் வரும். எதிர்த் தெருவில் உயிர்த்த இயேசு நிற்பார். மகன் எழுந்துவிட்டான் என்று தாயிடம் சொல்ல சீடர் அருளப்பரின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இரண்டு தடவை அவள் நம்ப மாட்டாள். மூன்றாம் தடவை நம்பி, சப்பரத்தோடு ஓடி வருவாள். அந்த ஓட்டத்தில், மகனை நெருங்கப் பத்தடி இருக்கும்போது, பின்னால் ஓடி வருகிறவன் கயிற்றை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கறுப்பு பறந்து விழுந்து நீலப் பட்டு தெரிய வேண்டும். ஒரே இழுப்பில் விழுந்தால் நல்ல வருஷம். சிக்கினால் ஊரில் யாரோ துக்கத்துக்குக் கறுப்பு உடுத்த வேண்டிவரும் என்று சொல்வார்கள்.

அந்தக் கயிறு நிக்கோதேமோவின் கைக்கு வந்தபோது அவனுக்கு வயது இருபத்து நாலு. முன்னால் இழுத்துக்கொண்டிருந்த கிழவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பங்குச் சாமியார் வேறு யாரையும் யோசிக்கவில்லை. நாற்காலியில் தூங்கிப்போன ஆளுக்கு, விழிக்க விடாமல் சவரம் செய்து முடிக்கிற கை அவனுடையது. 1986 வரை இருபத்தொரு உயிர்ப்பு ஞாயிறு அவன் இழுத்தான். இருபத்தொன்றும் பட்டென்று விழுந்தன. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பாலாடை நிறத்தில் ஒரு கோட்டு, அந்த ஒரு நாளைக்கு மட்டும். என் வீட்டில் தங்க வருகிறவர்களிடம் தானாகவே வந்து, மருந்துக்கடை பால்கனிக்குக் கீழே நின்றால்தான் முக்காடு விழுவது நன்றாகத் தெரியும் என்று இடம் காட்டுவான்.

1987-இலும் அப்படித்தான். அந்த வருஷம் வில்லெமைன் என்று ஓர் ஒல்லாந்துக்காரி, பள்ளிக்கூட ஆசிரியை, என் வீட்டில் தங்கியிருந்தாள். கழுத்தில் பெரிய கேமரா. அவளையும் அவனே கூட்டிப்போய் அந்த இடத்தில் நிறுத்தினான்.

மாதாவைத் தூக்கிய நாலு பேரில் பின்பக்கம் இடது தோள் சவேரியோ. நிக்கோதேமோவின் மனைவி மிக்கேலினாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். நான் என் பால்கனியில் இருந்தேன். சப்பரம் ஓடி வந்தது. நிக்கோதேமோ இழுத்தான். முக்காடு அசையவில்லை. இரண்டாவது தடவை இழுத்தபோது ஒரு பக்கம் மட்டும் சரிந்து, மகனை நோக்கி நீட்டியிருந்த மாதாவின் கையில் தொங்கியது. மூன்றாவது இழுப்பில்தான் விழுந்தது. அதற்குள் தாயும் மகனும் முகத்துக்கு முகம் வந்துவிட்டார்கள். ஆரம்பித்த பேண்டு வாத்தியம் பாதியில் நின்றது. வெளியூர்க்காரர்கள் மட்டும் ஒன்றும் தெரியாமல் கை தட்டினார்கள்.

கோடைக்காலம் முழுக்க அது கேலியாகத்தான் இருந்தது. "அவன்கிட்ட மீசையைக் குடுக்காதே, மூணு தடவை இழுத்துதான் எடுப்பான்" என்று மதுக்கடையில் கோசிமோ சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். நிக்கோதேமோவும் சேர்ந்து சிரிப்பான்.

நவம்பரில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் கொஞ்சம் வெறித்ததும், ஆலிவ் பறிக்கப் போனவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் காட்டாற்றுத் தடத்தைக் கடந்தது. மேலே எங்கேயோ தேங்கியிருந்த வெள்ளம் அந்த நேரம் பார்த்து வந்தது. வேனில் ஏழு பேர். இரண்டு பேர் மரத்தைப் பிடித்துப் பிழைத்தார்கள். செத்த ஐந்து பேரில் சவேரியோவின் ஒரே மகள் நுன்சியாவும் ஒருத்தி. பத்தொன்பது வயது. மறுநாள்தான் கிடைத்தாள்.

நிக்கோதேமோவுக்கும் மிக்கேலினாவுக்கும் பிள்ளை இல்லை. நுன்சியாவுக்கு மூன்று வயதில் முதல் முடி வெட்டியது அவன்தான். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு உட்கார வைத்து, அழாமல் இருப்பதற்காகச் சோப்பு நுரையைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டு வெட்டினான். அவள் செத்தபோது அவனுக்கும் துக்கம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி மூடியதும் சவேரியோ அவன் முன்னால் வந்து நின்றான். சத்தம் போடவில்லை.

"மாப்ள, இது உன் கையால வந்தது. இனி நீயும் உன் பொண்டாட்டியும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

நிக்கோதேமோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தன் கையால்தான் வந்தது என்று அவனே நம்பினான்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவனை எதுவும் சொல்லவில்லை. தலைகள் மட்டும் வருவது நின்றது. கீழே கடற்கரை ஊருக்குப் பஸ் ஏறிப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்கள். சாமியார் கேட்கும் முன்பே அவன் கயிற்றைக் கொண்டுபோய்க் கோவிலில் கொடுத்துவிட்டான். கடை வாசலைத் தாண்டும்போது கண்ணாடி வழியே பார்ப்பேன். காலி நாற்காலியின் முதுகில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டி, முடிச்சுப் போட்டு, இழுப்பான். விழும். மறுபடி கட்டுவான். "எத்தனை தடவை இழுத்தாலும் விழுதுக்கா. அப்புறம் ஏன் அன்னிக்கு விழலைன்னு என்னைக் கேக்கறார். நான் என்னத்தச் சொல்ல" என்றாள் மிக்கேலினா ஒருநாள் என்னிடம். அவள் பாடு வேறு. சந்தைக்குப் போகும் வழியில் அண்ணன் வீடு. அவள் தலை தெரிந்தால் அங்கே கதவு சாத்தும்.

இப்படியே ஏழு வருஷம்.

1994 மே மாதம் வில்லெமைன் திரும்ப வந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். பழைய படங்களைப் பெரிதாக்கி ஓர் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள், எனக்கும் தன்னை நல்ல இடத்தில் நிறுத்திய சலூன்காரருக்கும் பரிசாக. அவளுக்கு எதுவும் தெரியாது. ஆளைக் கூப்பிடச் சொன்னாள், கூப்பிட்டேன். என் அடுப்படி மேசையில் படங்களைப் பரப்பினாள். நிக்கோதேமோ மரியாதைக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். நாலாவது படத்தில் நின்றுவிட்டான்.

சப்பரம் ஓடிக்கொண்டிருக்கிற படம். நிக்கோதேமோவின் கையிலிருந்து கயிறு விறைப்பாகப் போகிறது, சவேரியோவின் இடது கால்வரை. அவன் செருப்புக்கு அடியில் மிதிபட்டிருக்கிறது. அந்தக் காலுக்கு அப்பால், மாதாவின் பிடரிவரை, கயிறு தொளதொளவென்று தொங்குகிறது.

வெகுநேரம் பார்த்தான். பிறகு, "முடிச்சு நல்லாத்தான் இருந்திருக்குக்கா" என்றான். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது, துடைக்கக்கூட இல்லை. தன் படம் இவ்வளவு பிடித்துப்போயிற்றே என்று வில்லெமைன் சந்தோஷப்பட்டாள்.

அவள் மாடிக்குப் போனதும், இப்போதே சதுக்கத்துக்குக் கொண்டுபோய் எல்லார் மூஞ்சியிலும் காட்டுகிறேன் என்று படத்தை எடுத்தேன். அவன் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

"வேண்டாங்க்கா. பொண்ணைப் பறிகுடுத்தவன். இதையும் அவன் தலையில வைக்கணுமா?"

"ஏழு வருஷமா உன் தலையில இருக்கே."

"எனக்குப் பழகிடுச்சு. அவன் ஒரு நாள் தாங்க மாட்டான். அவனுக்குத் தெரியாமலே போகட்டும்."

மிக்கேலினாவிடமாவது சொல்லச் சொன்னேன். சொன்னால் அன்றைக்கே அண்ணன் வாசலில் போய் நிற்பாள் என்றான். படத்தை என்னிடமே வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனான். அந்த மழை யாருடைய கையையும் யாருடைய காலையும் பார்த்து வந்ததல்ல என்பது என் எண்ணம். ஆனால் பிள்ளையைப் புதைத்தவனிடம் அதைப் போய்ச் சொல்ல முடியாது. அதனால் நானும் பேசாமல் இருந்தேன்.

அது சரிதானா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதற்கு விலை கொடுத்தவள் மிக்கேலினா. 1999-இல் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து, கடைசியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டாள். நிக்கோதேமோ இரண்டு தடவையும் போய்க் கதவைத் தட்டினான். கதவு திறக்கவில்லை. அடக்கப் பூசைக்கு சவேரியோ வந்தான், கடைசி வரிசையில் நின்றான், பெட்டியைத் தூக்கும் முன்பே வெளியேறிவிட்டான்.

எட்டாம் நாள் நிக்கோதேமோ என் வீட்டுக்கு வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "அந்தப் படத்தைக் காட்டியிருந்தா அவன் வந்திருப்பான். உன் பெருந்தன்மைக்கு அவ அண்ணனைப் பாக்காமலே செத்தா" என்று சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றான். அவ்வளவுதான். அப்புறம் ஒரு வருஷம் என் படி ஏறவில்லை.

2002-இல் சவேரியோவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மகள் போன மறுவருஷமே வடக்கே தூரினில் இருக்கும் தன் அக்காவிடம் போன அவன் மனைவி திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வேளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள். சவரம் செய்ய ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் நிக்கோதேமோ தன் தோல் பையை எடுத்துக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்தேன். சவேரியோ வீட்டு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தான்.

அடுத்த சனிக்கிழமையும் போனான். நாலு வருஷம், ஒரு சனிக்கிழமை தப்பவில்லை. என்ன பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். பேச்சு கிடையாது என்றான். தண்ணீர் சூடு போதுமா என்று இவன் கேட்பான், அவன் தலையாட்டுவான்.

2006 அக்டோபரில் ஒருநாள் சலூன் திறக்கவில்லை. வீட்டுக் கதவை உடைத்துப் பார்த்தபோது நிக்கோதேமோ படுக்கையிலேயே இறந்து கிடந்தான். அடக்கத்துக்குப் பதினாறு பேர் வந்தோம்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் சவேரியோவுக்கு நான் மொச்சை சூப் எடுத்துப் போக ஆரம்பித்தேன். தாடி மண்டியிருந்தது. கீழே ஊரிலிருந்து யாரையாவது வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். அப்புறம் அந்தக் கோணின வாயால் மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, அன்னிக்குக் கயித்தை மிதிச்சது நான்தான்."

என் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும். செருப்புக்கு அடியில இழுபட்டுது. ஓட்டத்துல காலை எடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சுமா கல்லறையில வெச்சு அவனைச் சொன்னே?"

"யாரையாவது சொல்லணுமே அக்கா. இல்லேன்னா என்னைத்தானே நான் சொல்லிக்கணும்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைப்பானாம். கத்தி கழுத்தில் இருக்கும்போது, முடிந்ததும் சொல்லலாம் என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பானாம். முடிந்ததும் நிக்கோதேமோ ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, பையை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

நான் அதோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. அவனுக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டான், வருஷத்தைச் சொன்னேன்.

"அப்போ மிக்கேலினா இருக்கும்போதே தெரியும்" என்றான். திடீரென்று அவனுக்குக் கோபம் வந்தது. "சொல்லித் தொலைச்சிருக்கலாமே அவன். என் தங்கச்சி முகத்தையாவது பார்த்திருப்பேனே."

"கதவைத் தொறக்கவிடாம உன்னை யாரும் புடிச்சு வெக்கலையே, சவேரியோ" என்றேன்.

அவன் அழுதபோது ஒரு கண் மட்டும்தான் மூடியது. செத்துப்போன பக்கத்துக் கண் திறந்தபடியே இருந்தது. அந்தப் படத்தை எடுத்து வரவா என்று கேட்டதற்கு, பார்க்க மாட்டேன் என்றான்.

நவம்பரில் இறந்தோர் தினத்தன்று பக்கத்து வீட்டுக்காரன் காரில் அவனைக் கல்லறைக்குக் கூட்டிப்போனோம். நிக்கோதேமோவும் மிக்கேலினாவும் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரே சுவரில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறார்கள். சக்கர நாற்காலியை அங்கே விட்டுவிட்டு நான் தள்ளிப் போய் நின்றேன். அவன் வாய் அசைந்ததைப் பார்த்தேன், என்ன சொன்னான் என்று தெரியாது.

சாகும் முன்பு புதுச் சாமியாரைக் கூப்பிட்டு ஒரு காகிதம் எழுதச் சொல்லி, இடது கையால் அடையாளம் வைத்தான். தன்னை அடக்கம் செய்த மறு ஞாயிறு அதைப் பீடத்திலிருந்து படிக்க வேண்டும் என்பது அவன் கேட்டது. சாமியார் படித்தார். 1987 உயிர்ப்பு ஞாயிறன்று கயிற்றை மிதித்தது தான் என்றும், நிக்கோதேமோவின் கையில் பிழை இல்லை என்றும், அது அன்றே தனக்குத் தெரியும் என்றும் மூன்று வரி.

கோவிலில் பாதிப் பேர் இளவட்டங்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த பெண் தன் புருஷன் காதில், யார் அந்த நிக்கோதேமோ என்று கேட்டாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். கிழடுகள் தலையைக் குனிந்துகொண்டோம்.

பூசை முடிந்து வெளியே வரும்போது கோசிமோ தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். முன்பு மதுக்கடையில் மீசையைப் பற்றிக் கேலி செய்தவன்.

"இப்ப நாம என்ன செய்யறது, எல்வீரா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவன் கையைப் பிடித்துப் படிக்கட்டில் இறக்கிவிட்டேன். காற்று அதிகமாக இருந்தது. பிறகு அவன் தன் வீட்டுக்குப் போனான், நான் என் வீட்டுக்கு வந்தேன்.