பதினான்கு கிலோமீட்டர் ‘ஓம் அண்ணை’

போன இரண்டு கிழமையும் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று ரொக்ஸ்பரோவிலிருந்து ஒரு வாசகி தொலைபேசி எடுத்தார். “என்ன அக்கா, உடம்புக்கு ஏதும் வருத்தமோ?”

வருத்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மெக்சிக்கோப் பாலைவனத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன்!

சிரிக்காதீர்கள். எனக்கு அறுபத்துநாலு வயது. மொன்றியலில் முப்பத்தொரு குளிர்காலம் கார் ஓட்டியவள். இந்தத் தை மாதம், தெப்பனர் என்கிற எங்கள் மூலைக்கடை வாசலில், பனிக்கு அடியில் ஒளிந்திருந்த ஐஸில் சறுக்கி மஞ்சள் கம்பம் ஒன்றில் முட்டிவிட்டேன். பம்பரில் ஒரு நெளிவு. கம்பத்துக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை.

லவாலில் இருக்கும் என் மகன் அன்ரனுக்குத்தான் காயம். அன்று பின்னேரமே வந்து கார்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

“இனி நீங்கள் கார் ஓட வேண்டாம் அம்மா. எங்க போறதெண்டாலும் சொல்லுங்கோ, நான் வாறன்.”

பாசம்தான். யார் இல்லையென்றது? ஆனால் என்னைப்போல இல்-பிசார் தீவில் தனியாக இருந்து பார்த்தால் தெரியும்... அங்கே பஸ் வருவது பெரிய அதிசயம். ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கு மகனிடம் அப்பொயின்ட்மென்ட். சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும்தான் எனக்கு வெளி உலகம். சிநேகிதி வீட்டில் தேத்தண்ணி ஆறுவதற்குள் வாசலில் அவன் ஹோர்ன் அடிப்பான்.

நான் என்ன சொன்னேன்? “ஓம் தம்பி.” மூன்று மாதமாக அதையேதான் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கோவில் பங்குச் சனம் ஒரு பயணம் கிளப்பியது. பாகா கலிபோர்னியாப் பாலைவனத்தின் நடுவே, சில நூறு வருடங்களுக்கு முன்பு இயேசு சபைக் குருமார் கட்டி, பிறகு ஆளில்லாமல் இடிந்துபோன மிஷன் கோவில்கள். தார் ரோட்டு கிடையாது. ஜீப்தான். ஒன்பது பேர், மூன்று ஜீப்.

தலைவர் பெனடிக்ற் அண்ணை. வயது எழுபத்தொன்று. பங்கில் எந்தக் காரியத்துக்கும் முன்னுக்கு நிற்கிற மனிசன். வட்சப்பில் பட்டியல் போட்டார். ‘ஓட்டுநர்கள்’ என்று மூன்று ஆண்கள். என் பெயர் எங்கே? ‘சாப்பாடு’ என்பதற்குக் கீழே!

சீனிச்சம்பலும் பாணும் மீன் கட்லட்டும் கட்டிக்கொண்டு மூன்றாவது ஜீப்பின் பின்சீட்டில் ஏறினேன். முன்னால் ஓட்டியது றெஜி. பக்கத்தில் அவன் மனைவி சுபா. மொன்றியல் விமான நிலையத்தில் அன்ரன் பெட்டியை இறக்கிவிட்டுச் சொன்ன கடைசி வார்த்தை என்ன தெரியுமா? “நீங்கள் வந்தாப்பிறகு காரை விக்கிற அலுவலைப் பாப்பம்.” வழி முழுவதும் அதுதான் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலை பத்து மணி. வறண்ட ஆறு ஒன்றின் ஓரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஜிபிஎஸ் வலது பக்கம் என்றது. பெனடிக்ற் அண்ணை இடது பக்கம் திருப்பினார்.

“இஞ்சேருங்கோ, அண்ணை பிழையாப் போறார்,” என்றாள் சுபா.

“தெரியுது.”

“தெரிஞ்சால் சொல்லுங்கோவன்! கையில வோக்கி டோக்கி இருக்குத்தானே?”

“நான் எப்பிடியப்பா சொல்லுறது? எங்கட கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மனிசன்!”

இரண்டாவது ஜீப்பை ஓட்டியவர் சொல்லலாம்தானே என்கிறீர்களா? அவர் பெனடிக்ற் அண்ணை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானப்பிள்ளை. ஞானத்தகப்பனுக்கு வழி சொல்வதா? சிவ சிவா... மன்னிக்கவும், யேசுவே!

அண்ணை இடைக்கிடை வோக்கி டோக்கியில் கேட்டார். “எல்லாரும் வாறீங்களோ?”

“ஓம் அண்ணை!” என்றது இரண்டாவது ஜீப்.

“ஓம் அண்ணை!” என்றான் றெஜி.

பதினான்கு கிலோமீட்டர். மூன்று ஜீப். எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் நாங்கள் பாதையை விட்டு விலகிப் போவது நீலப் புள்ளியாகத் தெரிகிறது. ஒருவர் வாய் திறக்கவில்லை. என் வாயில் மட்டும் என்ன கொழுக்கட்டையா? உண்மையைச் சொல்ல வேண்டும் — நானும் பேசாமல்தான் இருந்தேன். மூத்தவர், மனம் நோகும் என்று.

பாதை ஆற்று மணலில் போய் முடிந்தது. அண்ணையின் ஜீப் புதைந்தது. அவர் அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, சில்லு நாலும் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு இறங்கியது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். மணல் அவர்கள் வாய்க்குள் போனதுதான் மிச்சம். றெஜி எங்கள் ஜீப்பையும் மணலுக்குள் இறக்கிக் கயிறு கட்டி இழுக்கப் போகிறேன் என்றான். அதுவும் புதைந்தால்? தொலைபேசிச் சிக்னல் இல்லை. சுற்றிவர முள்ளும் கள்ளியும். தண்ணீர் இரண்டு நாளைக்குத்தான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணை, காலை எடுங்கோ! இன்னும் மிதிச்சால் ஜீப் பாதாளத்துக்குத்தான் போகும். இன்னொண்டும் சொல்லுறன், நாங்கள் வந்த பாதையே பிழை.”

றெஜி நிலத்தைப் பார்த்தான். ஞானப்பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

பெனடிக்ற் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் அது ஒரு நாலு மைல் கட்டைக்கு முன்னமே விளங்கினது பிள்ளை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. சரியாத்தான் இருக்கும்போல எண்டு வந்திட்டன்.”

கேட்டீர்களா கதையை? அவருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். மரியாதை என்ற பெயரில் ஒரு மனிசனை நட்டாற்றில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம்!

அவரை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறினேன். பனியில் புதைந்த காரை எத்தனை காலை வேளைகளில் தனியாக எடுத்திருப்பேன்? மணலும் அந்தக் குணம்தான் — அவசரப்படுகிறவனை விழுங்கும். ரயர்களில் காற்றைப் பாதிக்குக் குறைக்கச் சொன்னேன். சில்லுக்குப் பின்னால் கையால் மணலை வாரினார்கள். மூன்று ஜீப்பின் கால்மிதிகளும் ரயருக்கு அடியில் போயின. ரிவர்ஸ் போட்டு, நோகாமல் காலை வைத்தேன். ஜீப் ஒருமுறை திமிறியது... இரண்டாம் முறை ஏறி வந்தது.

சுபா விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று றெஜிக்கே அன்றைக்குத்தான் தெரியுமாம்.

“நல்லது பிள்ளை, இனி இறங்கு. நான் எடுக்கிறன்,” என்றார் பெனடிக்ற் அண்ணை.

இத்தனை வருடத்தில் அவர் சொல்லுக்கு நான் மறுசொல் சொன்னதில்லை. “இல்லை அண்ணை,” என்றேன். “இனி நான்தான் ஓடுறன். நீங்கள் வழி பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் பிழையாச் சொன்னால் நானும் பிழையெண்டு சொல்லுவன்.”

ஜீப்பைச் சுற்றி நடந்தார். பிறகு மற்றப் பக்கத்தால் ஏறி உட்கார்ந்தார். கோபித்தாரா? ஒரு மணித்தியாலம் கோபித்தார். பிறகு கட்லட் கேட்டார்.

வந்த வழியே திரும்பி, பிரிந்த இடத்தில் சரியான பக்கம் பிடித்து, கல்லும் பள்ளமுமாக மூன்று மணித்தியாலம் ஓட்டினேன். முதல் ஜீப்பில் நான். பின்னால் மற்ற இரண்டும்.

கோவில் என்று அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. மூன்று மண்சுவர். கூரை இல்லை. பீடம் இருந்த இடத்தில் யாரோ நட்ட மரச் சிலுவை. எல்லோரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது. பக்தி என்று நினைத்துச் சுபா என் கையைப் பிடித்தாள். ஆண்டவர் மன்னிக்க வேண்டும், அது ஓட்டி வந்த சந்தோசம்.

திரும்பி வரும்போது மனம் கொதித்துக்கொண்டே இருந்தது. எழுபத்தொரு வயது ஆண் பதினான்கு கிலோமீட்டர் வழி தவறினால் எட்டுப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போகிறோம். அறுபத்துநாலு வயதுப் பெண் ஒரு கம்பத்தில் முட்டினால் ‘சாவியைத் தா.’ இது எந்த ஊர் நியாயம்? கண் பரிசோதித்தேன், நன்றாக இருக்கிறது. நாளைக்கு டொக்டர் ஓட்டாதே என்றால் அந்த நிமிடமே நிறுத்துவேன். அவர் சொல்லட்டும். மகனின் பயத்துக்காக நான் ஏன் வீட்டுக்குள் இருக்க வேண்டும்? அதை அவனிடம் சொல்லாமல் மூன்று மாதம் தலையாட்டியது என் பிழை. பிள்ளைகளும் சில வேளை வழி தவறுவார்கள். நாங்கள் சொன்னால்தானே தெரியும்?

மொன்றியல் விமான நிலையத்துக்கு அன்ரன் என் காரிலேயே வந்திருந்தான். பெட்டியை ஏற்றிக்கொண்டே சொன்னான்: “அம்மா, ஒரு ஆள் வந்து காரைப் பாத்தவர். பிடிச்சிருக்காம்.”

“எனக்கும் பிடிச்சிருக்கு. விக்கிறேல்லை எண்டு சொல்லு.” கையை நீட்டினேன். “சாவி.”

“அம்மா, களைச்சுப்போய் வந்திருக்கிறீங்கள்...”

“ஓம், களைச்சுத்தான் இருக்கிறன். சாவியைத் தா தம்பி.”

தந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. பக்கத்துச் சீட்டில் ஏறி, பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டான். இல்-பிசார்ப் பாலம் வரும்வரை ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் அவன் வலது கால் மட்டும் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டு வந்தது.

மிதிக்கட்டும். பிரேக் இருப்பது என் பக்கத்தில்.