கேட்டில் நின்ற எதிர்வீட்டு அக்கா

பெங்களூர் வைட்ஃபீல்டில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பது பேர் அப்போது ஒரு மெயில் குரூப் வைத்திருந்தோம். ஊரை நினைத்து உருகுவதுதான் அதன் ஒரே வேலை. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நம்ம ஊர்ல எவன் கதவைத் தட்டினான்? எதிர்வீட்டு அக்கா நேரா அடுப்படிக்கே வந்து கறிவேப்பிலை எடுத்துட்டுப் போவாங்க" என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்டர்காம் அடித்தது. அதே அக்கா கீழே கேட்டில் நிற்பதாக செக்யூரிட்டி சொன்னார். விவேக் நகரில் மகள் வீட்டுக்கு வந்தவர், எங்களைப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். ஒரு போன்கூடப் பண்ணாமல் இப்படியா வருவார்கள் என்று எனக்கு எரிச்சல். வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

சாயந்திரம் கீழே போனபோது செக்யூரிட்டி ஒரு முறுக்கு டப்பாவை நீட்டினார்.

"ஆள் இல்லன்னா என்ன, கதவு திறந்துதானே இருக்கும், உள்ள வச்சுட்டு வர்றேன்னாங்க சார். நான்தான் விடல."

மேலே வந்து முறுக்கைக் கடித்தபடி, பெங்களூர்க்காரனுக்கு மனசே கிடையாது என்று எழுதி மெயிலை முடித்தேன்.