சாறு தெளியும் வரை

முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் சுவிஸ்காரர் ஒருவர் வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். ஒரு நாள் அவர் தந்த போத்தலைக் குடித்துப் பார்த்துவிட்டு, இதென்ன பெரிய வேலை, நானும் காய்ச்சுவேன் என்று வாயை விட்டுவிட்டேன். அத்தனை பேருக்குத் தினமும் சூப் வைக்கிறவனுக்குப் பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைக்கத் தெரியாதா என்ற திமிர்தான்.

அவர் செய்முறையை ஒரு தாளில் எழுதித் தந்தார். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, கொதிக்காத சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட வேண்டும். தானியத்தின் இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தச் சாற்றைத் தெளிவாக வடித்தெடுத்த பிறகுதான் கொதிக்கவைப்பதும் புளிக்கவிடுவதும். தெளிவாக என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். பார்த்தேன், பொருட்படுத்தவில்லை.

பேர்னுக்குப் பக்கத்தில், ஒஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டுக் குசினியில், மனைவி மா அரைக்கும் கிரைண்டரில் பார்லியைப் போட்டேன். உடைக்கச் சொன்னதைப் பவுடராக்கினேன். நன்றாக அரைத்தால் நன்றாகச் சாறு இறங்கும் என்பது என் விஞ்ஞானம். ஒரு மணித்தியாலம் கழித்து, அடியில் சல்லடைத் தட்டும் குழாயும் பொருத்திய வாளிக்குள் எல்லாவற்றையும் ஊற்றிக் குழாயைத் திறந்தேன். நாலு சொட்டு வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய வேட்டியைக் கிழித்து, அதில் அள்ளி வைத்துப் பிழிந்துகொண்டிருந்தபோது மனைவி வேலையால் வந்து சேர்ந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"சாறு பிழியிறன்."

"அதென்ன தேங்காய்ப்பூவோ, முதல்பால் ரெண்டாம்பால் எண்டு பிழிய?" சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "பியர் எண்டெல்லோ சொன்னியள்? இது ஒடியற்கூழ் மாதிரிக் கிடக்குது. ரெண்டு நண்டைப் போட்டு இறக்குங்கோ."

மறுநாள் வேலையிடத்தில் சுவிஸ்காரரிடம் கதையைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு பேர்ன் ஜெர்மனில் பொறுமையாக விளக்கினார். உமி முழுசாக இருந்தால் அது அடியில் படிந்து, தானே ஒரு வடிகட்டியாகிச் சாற்றைத் தெளியவைக்கும். "நீ வடியையே அரைத்துவிட்டாய்" என்றார். பார்லி உடைக்கத் தன்னுடைய கையால் சுற்றும் மில்லையும் இரவல் தந்தார்.

அடுத்த சனிக்கிழமையே பார்லியை உடைத்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே சத்தம் போடக்கூடாது; அரைக்கிற சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரி படியேறி வந்துவிடுவாள். இந்த முறை உமி உமியாகவே இருந்தது. ஞாயிறு காலை ஊறவைத்து, வாளியில் ஊற்றிக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்தேன். சாறு ஓடி வந்தது, ஆனால் கலங்கலாக. முதலில் அப்படித்தான் வரும், அதை எடுத்துத் திரும்ப மேலே ஊற்ற வேண்டும் என்று தாளில் இருந்தது. ஊற்றினேன். வந்தது இன்னும் கலங்கலாக இருந்தது. உயரத்தில் இருந்து ஊற்றினால் உமிப்படுக்கை குழம்பிவிடும் என்று எனக்கு உறைக்கவில்லை. ஆறு தரம் ஊற்றினேன். மனைவி கதிரையில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி ஆத்திறியளோ?"

"நீர் பேசாமல் இரும். எனக்குக் கவனம் சிதறுது."

"சாறு கலங்கினது என்ர கதையாலே இல்லை. உங்கட கையாலே."

எழுந்து வந்து என் கையிலிருந்த ஜக்கை வாங்கினாள். அகப்பையை உமியின் மேல் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் நூல்போல ஊற்றினாள்.

"பிறந்த பிள்ளைக்கு உச்சியிலை தண்ணி வாக்கிற மாதிரி வாக்கோணும். ரெண்டு பிள்ளையளிலை ஒண்டையாவது நீங்கள் குளிப்பாட்டியிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

அந்த நாளில் எனக்கு இரண்டு வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கும் இரண்டு வேலை இருந்தது ஞாபகம் வரவே, அடுத்த ஜக்கைப் பிடித்துக் கொடுத்தேன்.

மூன்றாவது ஜக்கில் சாறு தெளிந்தது. கிளாஸில் பிடித்து யன்னலோரம் வைத்துப் பார்த்தேன். வெறுந்தேத்தண்ணீர் நிறம், எதிர்வீட்டுப் பல்கனியின் சிவப்புப் பூக்கள் அதற்குள்ளால் தெரிந்தன. கிளாஸை அவளிடம் நீட்டினேன்.

"இதிலை வெறி இருக்கோ?" என்று கேட்டாள். அவள் வாழ்நாளில் மது குடித்ததில்லை.

"இல்லை. இன்னும் புளிக்கேல்லை. வெறும் இனிப்புத்தான்."

ஒரு வாய் குடித்தாள். பிறகு கிளாஸ் முழுவதையும் குடித்தாள். இன்னொரு கிளாஸ் பிடித்து, இஞ்சி தட்டிப் போட்டுச் சூடாக்கிக் குடித்தாள்.

"இவ்வளவு நல்ல சாமானை ஏனப்பா கஷ்டப்பட்டுப் பழுதாக்கிறியள்? இதோடை நிப்பாட்டுங்கோவன்."

நான் நிற்பாட்டவில்லை. சில கிழமைகள் கழித்து முதல் போத்தலை வேலைக்குக் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார், குடித்தார், தலையை ஆட்டினார்.

"நன்றாக வடித்திருக்கிறாய்" என்றார்.

"ஓம், நான்தான்" என்றேன். எதற்கு முந்திக்கொண்டு அப்படிச் சொன்னேனோ தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"உன் மனைவிக்கு என் பாராட்டைச் சொல்" என்றார்.