குணசீலன் ஒப்புக்கொள்ளாத கிண்ணம்

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்கக் காத்திருந்தபோது, கைப்பேசியில் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நம் அலுவலக ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான். ‘ஆழ்ந்த இரங்கல்’, ‘ஓம் சாந்தி’, மறுபடியும் கூப்பிய கைகள். யாருக்கு என்று மட்டும் எவரும் எழுதவில்லை. விரலால் தள்ளித் தள்ளி மேலே போனேன். குணசீலன் சாரின் மகன் சுரேஷ் போட்டிருந்த படம் வந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. படத்தில் சார் சிரித்துக்கொண்டிருந்தார். அதனால் முதல் பார்வையில் எனக்கு ஆளே தெரியவில்லை.

இறுதிச் சடங்கன்று கிள்ளானில் அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் கீழ் நம்மில் பலர் உட்கார்ந்திருந்தோம். “தங்கமான மனுஷன். ஒருத்தர ஒரு வார்த்த கடிஞ்சு பேசினதில்ல,” என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேனா என்று நினைவில்லை, ஆட்டியிருப்பேன். ஆனால் இதைப் படிக்கும் உங்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் கை தூக்கலாம். இறந்தவுடன் ஒரு மனிதரை இனிப்புத் தடவி வேறொருவராக்கி விடுகிறோம். அது எனக்குக் கசக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண், கல், தார், சிமெண்ட் இவற்றைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வகத்தில் அவர் தலைமை அதிகாரி. நான் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தேன். அளப்பது என் வேலை. தேறியதா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. ஒருமுறை ஒரு சாலைக்கு வந்த கல்லைச் சோதித்துவிட்டு, ‘ஏறக்குறையத் திருப்திகரம்’ என்று அறிக்கையில் எழுதினேன். எல்லோர் முன்னாலும் அதைப் படித்துக் காட்டினார். “பரமசிவம், இந்த ரோட்டுல லோரி ஏறக்குறையப் போகுமா, இல்ல போகுமா?” சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்றிலிருந்து பணி முடியும்வரை அளந்த எண்களை மட்டும் எழுதி, முடிவுக்கான இடத்தைக் காலியாக விட்டு அவர் மேசையில் வைத்தேன். அவரும் அதையே விரும்பினார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு, என் மனைவியும் இறந்துபோன ஒரு வருடத்தில், அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நலம் விசாரிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. “நேத்து சுரேஷ் ஒரு ஜப்பான் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். ரமென்னு ஒரு மீ சூப்பு. நல்லதா கெட்டதான்னு சொல்லத் தெரியல. ஒண்ண மட்டும் குடிச்சா எப்படித் தெரியும்? ரெண்டாவது வேணும். நீ வா.” அப்படித்தான் தொடங்கியது. மாதம் ஒரு கடை. இருவருக்கும் ஒரே வகைக் கிண்ணம். முதலில் சூப், பிறகு மீ என்கிற நூடுல்ஸ், கடைசியில்தான் முட்டையும் இறைச்சியும். மிளகாய் போடக்கூடாது. கிண்ணம் காலியாகும்வரை பேச்சு கிடையாது. சோதனைக்கூடத்தை அவர் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒழுங்கு இருக்கும் இடத்தில் எனக்குப் பயம் குறைவு.

ஷா ஆலத்தில் ஒரு கடை. பரிமாறியது நம் தமிழ்ப் பெண். “அங்கிள், ஓகேவா?” என்று கேட்டாள். சார் கரண்டியைக் கீழே வைத்தார். “சூப்பு தனியா நிக்குது, மீ தனியா நிக்குது. ரெண்டுக்கும் என்னா சண்ட?”

“அங்கிள், நான் இங்க தட்டு தூக்கற வேலதான் பாக்கறேன். பஞ்சாயத்து பண்றதுக்குத் தனியாச் சம்பளம் குடுக்கல லா.”

அவள் போன பிறகு சார் சொன்னார்: “இந்தப் பொண்ணு பாஸ். சூப்பு ஃபெயில்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ என்னா சொல்ற?”

“நீங்க சொன்னதுதான் சார்.”

“நான் சொல்றதுக்கு முன்னாடி என்னா நெனச்ச?”

நான் தண்ணீரைக் குடித்தேன். ஒவ்வொரு மாதமும் இந்தக் கேள்வி வரும். ஒவ்வொரு மாதமும் நான் தண்ணீரைக் குடிப்பேன். ஸ்ரீ கெம்பாங்கானில் பன்றி எலும்பை வேகவைத்துச் சூப் எடுக்கும் ஒரு சிறிய கடையை அவர் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகு எல்லாக் கடைகளும் அதோடுதான் ஒப்பிடப்பட்டன. எதுவும் அதன் பக்கத்தில் வரவில்லை. வரவில்லை என்று அவர் சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன்.

நாக்கின் அடியில் கட்டி வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை கட்டியைச் சுருக்கியது. கூடவே அவருடைய ருசியையும் கொண்டுபோயிற்று. “வாயில அட்டைய வெச்ச மாதிரி இருக்கு,” என்றார். இனி வெளியே சாப்பிடப் போகமாட்டார் என்று எண்ணினேன். அடுத்த மாதமே அழைத்தார். “சூடு தெரியுது, கெட்டி தெரியுது, மீ வெந்திருக்கா வேகலையான்னு பல்லு சொல்லும். மத்தத நீ சொல்லு.”

மனிதர்கள் நோயில் மென்மையாவார்கள் என்று எழுதுகிறார்கள். அவர் ஆகவில்லை. “நல்லா இருக்கு சார்,” என்பேன். “நல்லா இருக்குன்னா என்னா? சாமி கும்பிட்டியான்னு கேட்டா, கோயில்ல கூட்டம் நல்லா இருந்துச்சுங்கற மாதிரி சொல்ற. உப்பு முன்னாடி வருதா பின்னாடி வருதா? கொழுப்பு ஒதட்டுல நிக்குதா, தொண்டைல எறங்குதா?” பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் ஒரு கரண்டி குடிப்பேன். உப்பு பின்னால் வருகிறது சார். கொழுப்பு உதட்டில் நிற்கிறது சார். அவர் தன் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்து, நான் சொன்னதைத் தேடுவார். கிடைக்காது. அந்தக் கோபம் முழுவதும் என் மேல் இறங்கும். நான் சொல்வது உண்மையா என்று பார்க்க அவரிடம் வழி இல்லை; வழி இல்லாத ஒன்றை அவர் வாழ்நாள் முழுவதும் நம்பியதில்லை.

கடைசியாகப் போனது செந்தூலுக்கு. பழைய ரயில்வே பட்டறைப் பக்கம் எழுந்திருக்கும் கொண்டோ அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் புதிதாகத் திறந்த கடை. கோழி எலும்பில் எடுத்த சூப். முதல் கரண்டியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிண்ணம் காலியாகும்வரை பேசக்கூடாது என்பதை மறந்து, அவர் கேட்காமலே சொல்லிவிட்டேன். “சார், இது ஸ்ரீ கெம்பாங்கானை விட நல்லா இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எதுல?”

வார்த்தைகளைத் தேடினேன். உப்பு என்றேன், இல்லை, உப்பு இல்லை, கோழியின் வாசம் என்றேன், அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது என்றேன். தடுமாறினேன். அவர் மடமடவென்று தன் சூப்பைக் குடித்தார். மறுபடியும் குடித்தார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை.

“சும்மா சொல்ற. நான் கேக்கறேனேன்னு வாய்க்கு வந்தத சொல்ற.”

“இல்ல சார். நெசமாத்தான்.”

“நாக்கே இல்லாத ஒரு ஆளோட இத்தன வருஷம் சாப்ட்டிருக்கேன் லா,” என்றார். சத்தமில்லாமல் சொன்னார். பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கொமுட்டர் ரயில் நிலையம்வரை என்னோடு நடந்தார். அதற்குப் பிறகு நான் அழைத்தபோதெல்லாம் சுரேஷ்தான் எடுத்தார். “அப்பா படுத்திருக்காரு அங்கிள்.” நாக்கே இல்லாத ஆள் என்றதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம்.

அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்று நான் யோசித்த அளவுக்கு வேறு எதையும் யோசித்ததில்லை. அன்று பசியோடு இருந்தேன். அவர் நாக்கு மரத்த பிறகுதானே எனக்குத் துணிவு வந்தது? சரிபார்க்க ஆளில்லாத இடத்தில் எதையும் சொல்லலாமே. ஒருமுறை மட்டும் செய்த சோதனையை ஆய்வகத்தில் எவரும் முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறுபடியும் போய்ச் சாப்பிட்டுப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அங்கே சூப் சாதாரணமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

எட்டாம் நாள் படையலுக்கு முன்பு சுரேஷ் அழைத்தார். இறந்தவருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிட வேண்டுமே. “அங்கிள், அப்பாவுக்கு ரமென் வெக்கணும். எந்தக் கடைல வாங்கறது? எங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது. ஸ்ரீ கெம்பாங்கானா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. யாரும் குறை சொல்லப்போவதில்லை. “செந்தூல்,” என்றேன்.

“செந்தூலா? அப்பா அதப் பத்திச் சொன்னதே இல்லையே.”

“சொல்லியிருக்க மாட்டாரு. செந்தூல்லயே வாங்குப்பா.”

சூப்பும் மீயும் தனித்தனி டப்பாக்களில் வந்தன. கற்பூரம் ஏற்றும்போதுதான் ஒன்றாக ஊற்ற வேண்டும் என்றேன். சாரின் தங்கை வாழையிலையில் வடையும் கோழிப் பிரட்டலும் வைத்து, பக்கத்தில் ஒரு டின் பீரையும் நிறுத்திக்கொண்டிருந்தார். “ஒரு கிண்ணம் மீக்கு இவ்ளோ சட்டமா? பாக்கெட் மீ ஆக்கிப் போட்டிருந்தா அண்ணன் வேணாம்னா சொல்லிடும்?”

“சொல்லுவாரும்மா,” என்றேன். அவர் என்னை முறைத்தார்.

கும்பிட்டு முடித்து, போனவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். உள்ளே மீ சூப்பில் ஊறிப் பருத்துக்கொண்டிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டே நின்றேன். கதவு திறந்ததும் இலையில் இருந்ததை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். கிண்ணத்தின் பக்கம் யாரும் போகவில்லை. “நீங்க சாப்டுங்க அங்கிள்,” என்றார் சுரேஷ்.

மீ பாழாகியிருந்தது. சூப் ஆறிவிட்டது. ஆறிய சூப்பில் எதையும் மறைக்க முடியாது; அதிக உப்பு போட்டிருந்தால் அப்போது காட்டிக்கொடுத்துவிடும், மட்டமான கொழுப்பு நாக்கில் மெழுகாக ஒட்டும். நின்றபடியே ஒரு கரண்டி குடித்தேன். மறுபடியும் குடித்தேன். அவசரப்படவில்லை.

“எப்படி இருக்கு அங்கிள்?”

“உப்பு பின்னாலதான் வருது. கோழி முதல்ல வருது, அதுக்கு அடியில காஞ்ச மீனோட வாசம், வந்துட்டு ஒடனே போயிடுது. கொழுப்பு ஒட்டல. ஸ்ரீ கெம்பாங்கான் சூப்பு ஆறினா ஒதட்டுல ஒட்டும். இது ஒட்டல.”

சாரின் தங்கை சொன்னார்: “ஒருத்தரு போனாரேன்னு பாத்தா, இன்னொருத்தரு வந்து நிக்கறாரு.”

அன்று தடுமாறிய வார்த்தைகள் எல்லாம் வந்துவிட்டன. கேட்க வேண்டியவர் மட்டும் இல்லை. இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். அவரால் ருசிக்க முடியாததை, நான் சொன்னேன் என்பதற்காக அவர் ஏற்றிருக்க மாட்டார். அவரைப் பற்றி இதையும் சொல்லாமல் விட்டால், கூடாரத்தின் கீழே பேசியவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. என் வாழ்க்கையில் நானாகச் சொன்ன ஒரே முடிவு அது. அதை அவர் தேறவில்லை என்று தள்ளிவிட்டுப் போனார். அவர் தள்ளியது தவறு. செந்தூல் சூப்தான் மேல்.