பல்செட் அக்காவும் பச்சை வண்டியும்

ஈரம் புகாதபடி கார்புரேட்டரின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்டால் இறுக்குகிறாள். டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அதேபோல ஒரு முக்காடு. பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்தாயிற்று. இஞ்சின் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிப்போனால் பிசுக்கு இளகாது, கொதித்தால் கிட்டே போக முடியாது. காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். திருப்தி. மண்ணெண்ணெயில் தோய்ந்த பிரஷ் உள்ளே போகிறது.

பிரஷ் நுழையாத இடுக்குகளுக்கு வேறு ஆயுதங்கள் இருக்கின்றன. அவளுடைய தொழில் பல்செட் செய்வது. மெழுகு செதுக்கும் கத்தியும் ஊசிமுனைக் கொக்கியும் வாரம் ஆறு நாள் மேசையில் உழைத்துவிட்டு, சனிக்கிழமை பிற்பகல் கார் ஷெட்டுக்கு வந்துவிடும். கடைவாய்ப் பல்லின் பள்ளத்தைச் செதுக்குகிற அதே கவனத்தோடு, ஒரு போல்ட்டின் தலையைச் சுற்றி இறுகிய கறுப்புக் கசடைச் சுரண்டுகிறாள். தெருவுக்கு அவள் பல்செட் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. அந்த வெளிர்பச்சை வண்டி அவளைவிட நான்கு மாதம் மூத்தது. அதனாலோ என்னவோ, அதற்குக் கிடைக்கும் மரியாதை வீட்டில் வேறெதற்கும் கிடைப்பதில்லை.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் இது விளங்கும். தொட்டியில் இரண்டு நாள் பாத்திரம். மின்விசிறியின் இறக்கைகளில் கம்பளி போலத் தூசி. எதிர்வீட்டுத் தையல்காரி ஒருமுறை வாய்விட்டே சொன்னாள்: "அக்கா, உங்க பானெட்டுக்குள்ள இலை போட்டுச் சாப்பிடலாம். அடுப்படியிலதான் கால் வைக்க முடியல."

"அடுப்படி என்னை எங்க கூட்டிட்டுப் போச்சு?" என்றாள் அக்கா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பொய்ப்பல் செய்து பிழைக்கிறவளுக்குப் பொய் மட்டும் வராது. பல்செட் வாங்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்: "இதைப் போட்டுச் சிரிக்கலாம், பேசலாம். கடலை கடிச்சுட்டு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது." இதனால் நாலு பேர் வேறு இடம் தேடிப் போனதுண்டு. போகட்டும் என்பாள். இல்லாததை இருக்கிறதென்று சொன்னால் தனக்குத் தொண்டையில் முள் சிக்கினது போல ஆகிவிடும் என்பது அவள் கட்சி.

வண்டி அவளுடையதல்ல, வீட்டுக்காரருடையது. அவர் எங்கோ தொலைதூரத்தில் ஒரு மின்நிலையத்தில் டர்பைன்களைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று போனவர். அது நீண்டு ஐந்தாகிவிட்டது. ஊரில் இருந்தபோதும் பேசுகிற ஆளில்லை. "வரேன்", "ஆச்சா", "சரி" என்ற மூன்று சொற்களிலேயே ஒரு நாள் குடும்பத்தை ஓட்டிவிடுவார். ஆனால் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அவர் வேறு மனிதர். பானெட்டையும் வாயையும் ஒரே நேரத்தில் திறப்பார். கையில் ஸ்பேனரோடு, கோளாறில் ஆரம்பித்து, தன் அப்பாவிடம் அடி வாங்கியது, கிணற்றில் விழப் பார்த்தது, பெண் பார்க்க வந்த அன்று பல்வலியால் உயிர் போனது என்று பேச்சு எங்கெங்கோ போகும். அக்கா பக்கத்தில் நின்று போல்ட்டுகளை முந்தானையில் வாங்கிக்கொள்வாள். மாதம் ஒருமுறையாவது வண்டி நிற்கும். "எங்களுக்குக் கல்யாணம் ஆனது மண்டபத்துல. குடும்பம் நடந்தது ரோட்டோரத்துல" என்று தையல்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கிளம்பும்போது அவர் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று: "இஞ்சின்ல அழுக்குச் சேர விடாதே." அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டதுதான் வினையாயிற்று. வாராவாரம் துடைத்ததில் தளர்ந்த குழாய் எது, இற்றுப்போன வயர் எது என்று கண்ணில் பட, பட்டதையெல்லாம் மாற்றினாள். புத்தகத்தைப் பார்த்து, எண்ணெய் கசியாமல் தடுக்கிற வால்வு கவர் கேஸ்கெட்டைக்கூடத் தானே மாற்றிவிட்டாள். புதன்கிழமைகளில் பல் மருத்துவமனைகளுக்கு செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது அந்த வண்டியில்தான். ஐந்து வருஷமாக அது வழியில் ஓரிடத்திலும் நின்றுபோனதில்லை. பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகும்போதெல்லாம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். சனியன், ஏறிவிடும்.

போன வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷம். அதன் கீழே, "வண்டிய வித்துடு. தம்பி பார்த்துப்பான்." கட்டட வேலை எடுத்துச் செய்கிற தம்பிக்காரர் வாங்குகிற ஆள் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை காலை கையோடு அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டார். விற்கப்போகிற வண்டி என்பதற்காக அக்கா சனிக்கிழமை வேலையில் ஒரு சுற்றும் குறைக்கவில்லை. கூடுதலாக இரண்டு மணி நேரம் தேய்த்தாள்.

வந்தவர் தன்னோடு ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார். மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். ஒரு மூலையை விரலால் தடவி, விரல் நுனியைப் பார்த்தார்.

"எப்பம்மா கழுவினீங்க?"

"நேத்து."

"அதுக்கு முன்னாடி?"

"போன சனிக்கிழமை."

"அதுக்கும் முன்னாடி?"

"அதுக்கு முந்தின சனிக்கிழமை."

மெக்கானிக் வாங்க வந்தவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். தனியே என்றாலும் எல்லாருக்கும் கேட்டது. "இஞ்சின்னா கொஞ்சம் அழுக்கு இருக்கணும் சார். அழுக்கப் பார்த்துத்தான் எங்க ஒழுகுது, எங்க ஒட்டுப் போட்டிருக்குனு படிக்க முடியும். இது அழிச்ச சிலேட்டு. அந்தம்மா எதையோ மறைக்கிறாங்க."

இருவரும் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

"அண்ணி, யாரு உங்கள இப்படித் தேய்க்கச் சொன்னது?" என்றார் தம்பிக்காரர்.

"உங்க அண்ணன்தான் தம்பி."

"ஒரு மாசம் துடைக்காம ஓட்டுங்க. கொஞ்சம் கரி பிடிக்கட்டும். வேற ஆளைக் கூட்டிட்டு வரேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவின் போன் அடித்தது. ஞாயிறு பதினோரு மணி வீட்டுக்காரருடைய நேரம். வழக்கமாக ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். தம்பிக்காரர் எடுத்து, ஒழுகுகிறதென்று சந்தேகப்பட்டுப் போய்விட்டார்கள் என்று கடுப்போடு சொல்லிவிட்டு, போனை அண்ணியிடம் நீட்டினார். தன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

"எங்கேருந்து ஒழுகுதாம்?" என்றது போன்.

"தெரியலைங்க. சந்தேகம்னுதான் சொன்னாங்க."

மறுமுனையில் ஒரு செருமல். பிறகு அவர் ஆரம்பித்தார். "வால்வு கவரோட பின்பக்கமாத்தான் இருக்கும். அந்தக் கேஸ்கெட்டு அப்பலேருந்தே சரியில்ல. அன்னைக்கு மழையில நின்னோமே, அப்பவும் அதுதான். நீ குடைய எனக்குப் பிடிச்சுட்டு நனைஞ்சுக்கிட்டே நின்ன. மூணு நாள் காய்ச்சல் உனக்கு. நான் ஒரு வார்த்தை கேக்கல. இப்ப நெனச்சா என்னவோ மாதிரி இருக்கு." பேச்சு அங்கிருந்து அவர் அறையின் ஜன்னலுக்குப் போயிற்று; பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிற ஆளுக்குப் போயிற்று; இரவில் டர்பைன் சத்தம் நின்றால் தனக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது என்பதற்குப் போயிற்று. அக்கா பானெட்டின் விளிம்பைப் பிடித்தபடி "ம்" கொட்டிக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் தாண்டிவிட்டது.

"ஒழுகுற வண்டிய அடுத்தவன் தலையில கட்டக் கூடாது. அது பாவம்" என்றார் அவர் கடைசியில். "கசிவு இருந்தா விக்க வேண்டாம். நான் லீவு கேட்டு வந்து பிரிச்சுப் பார்க்கிறேன். நீ கண்ணால பார்த்துச் சொல்லு. கசியுதா?"

அவள் குனிந்து பார்த்தாள். கேஸ்கெட்டின் விளிம்பு துடைத்த கண்ணாடிபோலக் காய்ந்து மின்னியது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"இருங்க, பார்க்கிறேன்" என்றாள்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். ஆயில் அளக்கும் குச்சியை மெல்ல உருவி, அதன் நுனியில் திரண்டிருந்ததை விரலால் வழித்தெடுத்து, கேஸ்கெட்டின் விளிம்பில் ஒரு கோடாகத் தடவினாள். அது ஒரு துளியாகத் திரண்டு, கனத்து, கீழே இறங்கத் தொடங்கும் வரை வாயைத் திறக்கவில்லை.