மலை தெரியாத படம்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் யாரை நிற்க வைத்துப் படம் எடுத்தாலும் பின்னால் மலை வந்துவிடும். திருவண்ணாமலையில் அதைத் தவிர்ப்பது கடினம். மலை வராத படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை எடுத்தவர் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. அந்த வருடம்தான் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். அதன் தலையில் ஒரு திருகு. ஆட்டோவில் வைத்தால் வெளிச்சத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். மேனுவலில் வைத்தால் எடுப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். "ஆட்டோவுல எடுத்தா அது கேமரா எடுத்த படம். மேனுவல்ல எடுத்தாதான் நான் எடுத்த படம்" என்பார் மாமா. அவருடைய படங்களில் பாதி கறுத்தும் மீதி வெளுத்தும் இருக்கும். அவர் எடுத்தவைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்து வேங்கிக்காலுக்கு வேலைக்குப் போய்வந்தாள். நல்ல கறுப்பு. அவளுடைய படத்தை வாங்கிப் போன வீடுகளிலிருந்து பதில் வராமலே இருந்தது. இப்போது ஆரணியிலிருந்து ஒரு வீட்டார் படம் கேட்டிருந்தார்கள்.

வெயில் ஏறும் முன்பே மாமா மாடிக்குப் போய், மங்கலான வெளிச்சத்துக்குத் தகுந்தபடி எல்லாவற்றையும் திருகி வைத்தார். சித்தி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து வருவதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. மாமா திருகை மறந்துவிட்டு ஒரு படம் எடுத்தார். கீழே வந்து கணினியில் போட்டபோது பின்னால் வானம் மட்டும்தான் இருந்தது. மலையைக் காணோம். சித்தி மாவு பூசியது போல் வெளுத்திருந்தாள்.

"போச்சு, வெளிச்சம் ஜாஸ்தி" என்று அழிக்கப் போனார் மாமா.

"டேய், கைய எடுடா" என்றாள் அம்மா. "இன்னா லட்சணமா இருக்கா பாரு!"

மாமாவுக்கு மனம் கேட்கவில்லை. மறுபடி மாடிக்கு அழைத்துப் போய், அவமானத்தோடு ஆட்டோவில் வைத்து ஒரு படம் எடுத்துவந்தார். அதில் மலை பாறை பாறையாகத் தெரிந்தது. சித்தி சித்தியாகவே இருந்தாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார் மாமா. அம்மா வெளுத்த படத்தைக் காட்டினாள். நானும் அதையே காட்டினேன். சித்தி மட்டும், "இதுல மலை தெரியுதேக்கா, இதையே அனுப்பலாமே" என்றாள்.

"மலையையா கட்டிக் குடுக்கப் போறோம்?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சேர்ந்துகொண்டார். வெளுத்த படமே ஆரணிக்குப் போனது. இந்த முறை பதில் உடனே வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். சித்தி காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் தாயார் கைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"போட்டோல வேற மாதிரி இருந்துச்சே?"

மாமா எழுந்துவிட்டார். "அது மேனுவல்ல எடுத்ததுங்க. வெயில் ஏறிடுச்சு, நான் கவனிக்கல. ஆட்டோவுலயும் ஒண்ணு எடுத்தேன், இருங்க" என்று கேமராவைக் கொண்டுவந்து காட்டினார். தன் தவறை அவர் வாய்விட்டுச் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

அந்த அம்மாள் கேமராவை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "ஆமா, இதுல அப்படியே இருக்குது பொண்ணு" என்றார். குரலில் கோபமில்லை. "அப்ப இத ஏம்மா நீங்க அனுப்பல?"

மாமா கேமராவின் திருகையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கேசரித் தட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாள். எனக்குக் காது சுட்டது. சித்தி எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தகவல் சொல்வதாகச் சொல்லி அவர்கள் கிளம்பினார்கள்.

மாடிக்குப் போனேன். பட்டுப்புடவையோடு சித்தி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவ மலையோட இருக்கறதையே அனுப்பலாம் சித்தி" என்றேன்.

அவள் என்னை அருகில் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

சித்திக்கு மலையின்மேல் அப்படி ஒரு பக்தி என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.